பாலினத் தேர்வும் கப்பி மீனின் வண்ணங்களும்

பாலினத் தேர்வு என்பது, இணை சேரும் வாய்ப்பைப் பெறுவதில் ஓர் இனத்தின் உயிர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வால் நிகழும் பரிணாமத் தேர்வு ஆகும். ஆண் மயிலின் தோகையும் ஆண் மானின் கிளைக்கொம்பும் இதற்குப் பாடநூல்களில் வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். மீன்களிலும் இத்தேர்வு மிகத் தெளிவாகச் செயல்படுகிறது. பல மீன் இனங்களில் ஆண்கள் பளிச்சென்ற நிறமும் நீண்ட துடுப்பும் கொண்டிருக்க, பெண்கள் மங்கிய நிறத்தில் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இக்கட்டுரை, டிரினிடாட் தீவின் ஓடைகளில் வாழும் கப்பி மீனை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு பாலினத் தேர்வை விளக்குகிறது. பெண் மீனின் விருப்பம் ஆணின் உடலை ஒரு திசையிலும், அதைத் தின்னும் பெரிய மீனின் கண் அதற்கு எதிர்த்திசையிலும் இழுப்பதை ஓடைக்கு ஓடை அளந்து காட்ட முடிந்த உயிரி இது.

இயற்கைத் தேர்வும் பாலினத் தேர்வும்

சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இயற்கைத் தேர்வை விளக்கினார். சூழலுக்குப் பொருத்தமான பண்புகளைக் கொண்ட உயிர்கள் அதிக அளவில் பிழைத்து, அதிகச் சந்ததிகளை விட்டுச் செல்கின்றன. எனவே அப்பண்புகள் அடுத்த தலைமுறைகளில் பெருகுகின்றன. ஆனால் மயில் தோகை போன்ற பண்புகள் இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்கவில்லை. பறக்கவும் ஓடவும் இடைஞ்சலாக இருக்கும் தோகை, பிழைப்பதற்கு உதவுவது எப்படி?

மனிதனின் வழித்தோன்றலைப் பற்றி 1871-ல் எழுதிய நூலில் டார்வின் இதற்கு விரிவாக விடை தந்தார். ஓர் உயிர் நெடுநாள் பிழைத்திருந்தால் மட்டும் போதாது. இணை சேர்ந்து சந்ததியை விட்டுச் செல்லவும் வேண்டும். வாழ்நாள் சற்றுக் குறைந்தாலும், இணை சேரும் வாய்ப்பைப் பெருமளவு கூட்டித் தரும் பண்பு பரவ முடியும்.

பாலினத் தேர்வு இரண்டு வழிகளில் நடைபெறுகிறது.

முதலாவது, ஒரே பாலைச் சேர்ந்தவற்றுக்கு இடையிலான போட்டி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சால்மன் மீனின் தாடை கொக்கிபோல் வளைந்து, பற்கள் பெரிதாவது இவ்வகையைச் சேர்ந்தது. முட்டையிடும் பெண்ணின் அருகில் இடம்பிடிக்க ஆண்கள் ஒன்றையொன்று கடித்துத் துரத்துகின்றன.

இரண்டாவது, துணைத் தேர்வு. இங்கே ஒரு பால் மற்றொன்றின் பண்புகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது பெண். முட்டைகளை உருவாக்கவும் குஞ்சுகளைச் சுமக்கவும் பெண் செலவிடும் உணவும் காலமும் அதிகம் என்பதால், தவறான துணையால் அதற்கு ஏற்படும் இழப்பும் அதிகம். கப்பி மீனில் காணப்படுவது முக்கியமாக இந்த இரண்டாவது வகை.

கப்பி மீன்

கப்பியின் அறிவியல் பெயர் போயிசிலியா ரெட்டிகுலேட்டா. தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் டிரினிடாட் தீவும் இதன் தாயகம். ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859-ல் வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு இதை விவரித்தார். பின்னர் டிரினிடாடிலிருந்து ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மீன்களைப் புதிய இனம் எனக் கருதிய ஆல்பர்ட் குந்தர், 1866-ல் அவருடைய பெயரையே அதற்குச் சூட்டினார். அறிவியல் பெயர் பீட்டர்ஸ் வைத்ததே நிலைத்தது. மக்கள் நாவில் மட்டும் கப்பி தங்கிவிட்டது.

ஆண் கப்பி சிறியது; வழக்கமாக மூன்று சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதன் உடலிலும் வாலிலும் ஆரஞ்சு, கறுப்பு, மினுங்கும் நீலம், பச்சை ஆகிய நிறங்களில் புள்ளிகள் உண்டு. இரண்டு ஆண்களின் புள்ளிக்கோலம் ஒன்றுபோல் இருப்பது அரிது. பெண் ஆணைவிடப் பெரியது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம் கொண்டது. முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனுகிறது. ஆணின் குதத் துடுப்பு நீண்டு, விந்தணுக்களைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் உறுப்பாக மாறியுள்ளது. பெண்ணால் அந்த விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைக்க முடியும்.

நிறங்கள் மரபுவழி வருபவை. ஒரு குறிப்பிட்ட புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வதை ஜோகன்னஸ் ஷ்மிட் 1920-ல் காட்டினார். அதற்கான மரபணு ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோமில் இருப்பதை ஓய்விண்ட் விங்கே 1922-ல் விளக்கினார். எல்லா நிற மரபணுக்களும் அங்கேயே இருப்பதில்லை. சில பெண்களிடமும் உள்ளன, ஆனால் வெளிப்படுவதில்லை. ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தால் மங்கிய நிறப் பெண்ணிலும் அந்த மறைந்த நிறங்கள் தோன்றுகின்றன.

பெண் எதைப் பார்க்கிறது?

ஆண் கப்பி, பெண்ணின் முன்னால் வந்து உடலை ஆங்கில எழுத்து 'எஸ்' போல வளைத்து, துடுப்புகளை விரித்து நடுங்கிக் காட்டும். பக்கவாட்டு நிறங்கள் முழுவதும் தெரிவது இந்த நிலையில்தான். பெண் அருகில் வரலாம், விலகியும் போகலாம். பெரும்பாலான காட்சிகளுக்குப் பெண் இணங்குவதில்லை.

ஆன் ஹூட் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், டிரினிடாடின் பாரியா ஆற்றுப் பெண் கப்பிகள் உடலில் ஆரஞ்சுப் பரப்பு அதிகமுள்ள ஆண்களை நாடுவதைக் காட்டினார். பின்னர் ஜான் எண்ட்லருடன் சேர்ந்து பல ஓடைகளின் மீன்களை ஒப்பிட்டபோது, பெண்களின் விருப்பமும் இடத்துக்கு இடம் மாறுவது தெரியவந்தது. ஆண்களிடம் ஆரஞ்சு அதிகமுள்ள ஓடைகளில் பெண்களின் ஆரஞ்சு நாட்டமும் வலுவாக இருந்தது. ஆரஞ்சு குறைந்த ஓடைகளில் நாட்டமும் குறைந்திருந்தது. ஆணின் பண்பும் பெண்ணின் விருப்பமும் ஒன்றோடொன்று இணைந்து மாறுகின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

பெண்கள் பிற பெண்களின் தேர்வையும் கவனிக்கின்றன. ஓர் ஆணின் அருகில் மற்றொரு பெண் இருப்பதைக் கண்ட பெண் கப்பி, பிறகு அதே ஆணை நாடுவதை லீ டுகாட்கின் 1992-ல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தார்.

அருவிக்கு மேலும் கீழும்

டிரினிடாடின் வடக்கு மலைத்தொடரிலிருந்து பல சிற்றாறுகள் இறங்கி வருகின்றன. அவற்றில் ஆங்காங்கே அருவிகள் உள்ளன. பெரிய மீன்களால் அருவியை ஏறிக் கடக்க முடிவதில்லை. இதனால் ஒரே ஆற்றில், அருவிக்குக் கீழே ஓர் உலகமும் மேலே வேறோர் உலகமும் அமைந்துள்ளன.

கீழ்ப்பகுதியில் கிரெனிசிக்லா என்னும் சிக்லிட் வகை மீன் முதலான பல கொன்றுண்ணிகள் வாழ்கின்றன. இவை வளர்ந்த கப்பிகளைக் கண்ணால் கண்டு வேட்டையாடுபவை. மேற்பகுதியில் ரிவுலஸ் என்னும் சிறிய மீனே முக்கியக் கொன்றுண்ணி. அது பெரும்பாலும் கப்பிக் குஞ்சுகளையே பிடிக்கும்; வளர்ந்த கப்பிகளுக்கு அதனால் ஆபத்து குறைவு.

கீழ்ப்பகுதி ஆண்களின் புள்ளிகள் சிறியவையாகவும் எண்ணிக்கையில் குறைந்தும் இருக்கின்றன. மேற்பகுதி ஆண்களிடம் பெரிய, பளிச்சென்ற புள்ளிகள் நிறைந்துள்ளன. காரில் ஹாஸ்கின்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1950-களிலேயே இந்த வேறுபாட்டைக் கவனித்தனர். ஆனால் கவனித்தது மட்டும் காரணத்தை நிறுவாது. மேற்பகுதி நீரின் வெப்பம், உணவு, வெளிச்சம் ஆகியவையும் வேறுபடுகின்றன. கொன்றுண்ணிதான் காரணம் என்று உறுதிப்படுத்தச் சோதனை தேவைப்பட்டது.

எண்ட்லரின் சோதனைகள்

அந்தச் சோதனைகளை ஜான் எண்ட்லர் செய்து 1980-ல் வெளியிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பசுமைக்குடிலில் பத்துக் குளங்கள் அமைத்து, பல இடங்களிலிருந்து கொண்டுவந்த கப்பிகளின் கலப்புச் சந்ததியை அவற்றில் விட்டார். சில குளங்களின் அடியில் பருமனான சரளைக்கல், மற்றவற்றில் பொடிக்கல். மீன்கள் பெருகிய பிறகு, சில குளங்களில் கிரெனிசிக்லாவையும் சில குளங்களில் ரிவுலஸையும் விட்டார்; மீதியில் எந்தக் கொன்றுண்ணியும் இல்லை.

கிரெனிசிக்லா இருந்த குளங்களில் தலைமுறைதோறும் ஆண்களின் புள்ளிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைந்தன. மற்றக் குளங்களில் கூடின. சரளைக்கல்லின் விளைவும் தெளிவாக இருந்தது. ஆபத்து மிகுந்த குளங்களில் புள்ளிகளின் அளவு அடியிலிருந்த கல்லின் அளவை ஒத்துப் போயிற்று. அப்போது மீன் பின்னணியில் கலந்து மறைகிறது. ஆபத்து இல்லாத குளங்களிலோ பொடிக்கல்லின் மேல் பெரிய புள்ளி, பருங்கல்லின் மேல் சிறிய புள்ளி என்று பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் கோலங்கள் பெருகின. கொன்றுண்ணி இருக்கும் இடத்தில் மறைவதும், இல்லாத இடத்தில் பெண்ணின் கண்ணில் படுவதும் பலன் தந்தன.

குளத்தில் கண்டதை எண்ட்லர் ஆற்றிலும் சோதித்தார். 1976-ல் அரிப்போ ஆற்றில் கிரெனிசிக்லா வாழும் பகுதியிலிருந்து 200 கப்பிகளைப் பிடித்து, அதுவரை கப்பிகளே இல்லாத, ரிவுலஸ் மட்டும் இருந்த ஒரு கிளையோடையில் விட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், சுமார் 15 தலைமுறைகளுக்குள், அந்த மீன்களின் ஆண் சந்ததிகள் தம் மூதாதையரைவிடப் பளிச்சென்ற நிறங்களைப் பெற்றிருந்தன. பரிணாமம் என்றாலே இலட்சக்கணக்கான ஆண்டுகள் என்று எண்ணுவோருக்கு இந்தக் கால அளவு வியப்பளிக்கும்.

கப்பிகளின் நடத்தையும் இந்த இரட்டை நெருக்கடிக்கு ஏற்ப அமைந்துள்ளது. இயற்கையில் ஆண்கள் விடியலிலும் அந்தியிலும் வெளிச்சம் மங்கியிருக்கும் வேளையில் அதிகமாகத் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. அருகில் இருக்கும் பெண்ணுக்கு நிறம் தெரிய அந்த ஒளி போதும். தொலைவிலிருந்து பார்க்கும் கொன்றுண்ணிக்கு அது போதாது. ஆபத்து மிகுந்த ஓடைகளின் பெண்களும், கொன்றுண்ணி பக்கத்தில் இருக்கும்போது பளிச்சென்ற ஆண்களை நாடுவதைக் குறைத்துக்கொள்கின்றன.

ஏன் ஆரஞ்சு?

பெண்கள் ஆரஞ்சு நிறத்தை விரும்புவதற்கு அறிஞர்கள் தரும் விளக்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவை ஒன்றையொன்று விலக்குபவையும் அல்ல.

உணவு: ஆரஞ்சுப் புள்ளிக்குத் தேவையான கரோட்டினாய்டு நிறமிகளை மீனின் உடலால் உருவாக்க முடியாது. காரட்டுக்கு நிறம் தரும் நிறமிக் குடும்பம் இது. கப்பிக்கு இது முக்கியமாகப் பாசியிலிருந்து கிடைக்கிறது. மரக்கிளைகள் அடர்ந்து மூடிய ஓடையில் வெயில் விழுவது குறைவு; எனவே பாசியும் குறைவு. கிரிகரி கிரேதர் இத்தகைய ஓடைகளை ஒப்பிட்டு, கரோட்டினாய்டு கிடைப்பது இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டினார். அடர்ந்த ஆரஞ்சு, நன்றாக உணவு தேடத் தெரிந்த ஆணுக்கு அடையாளமாக இருக்கலாம்.

நலம்: தோலில் ஒட்டுண்ணி தொற்றிய ஆண்களின் ஆரஞ்சு நிறம் வெளிறிப் போகிறது. பெண்கள் அத்தகைய ஆண்களை ஒதுக்குகின்றன. நோயெதிர்ப்புத் திறனின் விளம்பரமாக ஆண்களின் அலங்காரம் இருக்கலாம் என்று ஹாமில்டனும் சுக்கும் 1982-ல் முன்வைத்த கருத்தோடு இது பொருந்துகிறது.

பழக்கப்பட்ட கண்: ஹெலன் ராட் முதலானோர் 2002-ல் வேறொரு வாய்ப்பைச் சுட்டினர். ஓடைகளில் விழும் ஆரஞ்சு நிறப் பழங்களைக் கப்பிகள் விரும்பி உண்கின்றன. ஆரஞ்சு நிறச் சிறு வட்டுகளை நீரில் இட்டபோது ஆண், பெண் இரண்டுமே அவற்றைக் கொத்த வந்தன. உணவைத் தேடப் பழகிய கண்ணே பின்னர் துணையைத் தேர்வதிலும் அதே நிறத்தை நாடியிருக்கலாம்.

கட்டற்ற ஓட்டம்: ரொனால்டு ஃபிஷர் 1930-ல் விளக்கிய கருத்து இது. ஒரு நிறத்தைப் பெண்கள் விரும்பத் தொடங்கினால், அந்த நிறமுள்ள ஆணின் மகன்களும் விரும்பப்படுவார்கள். மகள்கள் அதே விருப்பத்தைப் பெறுவார்கள். பண்பும் விருப்பமும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே வளரும். இதற்கு அந்த நிறம் வேறெந்த நன்மையையும் குறிக்க வேண்டியதில்லை.

கவர்ச்சியான ஆண் எல்லா வகையிலும் சிறந்த ஆண் என்று கொள்ளவும் முடியாது. கவர்ச்சியான கப்பி ஆண்களின் மகன்கள் கவர்ச்சியைப் பெற்றன, ஆனால் அவை பிழைத்திருக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது என்று ராபர்ட் புரூக்ஸ் 2000-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஒரே கோலம் ஏன் வெல்லவில்லை?

பெண்கள் எல்லாம் ஒரே மாதிரியான ஆணையே தேர்ந்தெடுத்தால், சில தலைமுறைகளில் ஆண்கள் அனைத்தும் ஒன்றுபோல் ஆகிவிட வேண்டும். கப்பியில் அப்படி நடக்கவில்லை. பெண்கள் தமக்குப் பழக்கமில்லாத, அரிதான கோலமுள்ள ஆண்களை அதிகம் நாடுகின்றன. அரிய கோலத்துக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. டிரினிடாட் ஓடைகளில் ஆண்களை அடையாளமிட்டு விட்டுச் செய்த ஆய்வொன்றில், அரிய கோலமுடையவை பொதுவான கோலமுடையவற்றைவிட அதிகம் பிழைத்தன. இம்முடிவுகள் 2006-ல் வெளியாயின. அரியதாக இருந்த கோலம் பெருகப் பெருகத் தன் சலுகையை இழக்கிறது. வேறொன்று முன்னுக்கு வருகிறது. இந்தச் சுழற்சியே வேறுபாட்டைக் காக்கிறது.

பெண்ணின் தேர்வு முற்றிலும் தடையற்றதும் அன்று. ஆண்கள் காட்சி எதுவும் காட்டாமல், பெண் கவனிக்காத நேரத்தில் பின்னாலிருந்து பாய்ந்து இணை சேரவும் முயல்கின்றன. கொன்றுண்ணிகள் மிகுந்த ஓடைகளில் இம்முயற்சிகள் அதிகம். அங்கே பெண்ணின் கவனம் உயிர் காப்பதில் இருக்கிறது. ஆணுக்கும் நின்று நடனமாடுவது ஆபத்து.

பிற மீன்களில்

வாள்வால் மீன்: ஆணின் வால் துடுப்பின் கீழ்ப்பகுதி வாள்போல் நீண்டிருக்கும். இதன் உறவினமான பிளாட்டி மீனுக்கு வாள் கிடையாது. அலெக்ஸாண்ட்ரா பசோலோ பிளாட்டி ஆண்களுக்குச் செயற்கை வாளைப் பொருத்தியபோது, பிளாட்டிப் பெண்கள் அவற்றையே நாடின. இந்த ஆய்வு 1990-ல் வெளியானது. பண்பு தோன்றுவதற்கு முன்பே அதற்கான விருப்பம் இருக்க முடியும் என்பது இதன் பொருள்.

மூன்று முள் ஸ்டிக்கிள்பேக்: இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அடிவயிறு சிவக்கிறது. பெண்கள் அதிகம் சிவந்த ஆணைத் தேர்ந்தெடுப்பதையும், சிவப்பு தெரியாத பச்சை ஒளியில் அந்தத் தேர்வு மறைந்துவிடுவதையும் மிலின்ஸ்கியும் பேக்கரும் 1990-ல் காட்டினர்.

பேத்தை மீன்: ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவுக்கு அருகே, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஆண் பேத்தை மீன், கடலடி மணலில் சுமார் இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள வட்டக்கோலத்தைத் துடுப்பால் உழுது உருவாக்குகிறது. பெண் அதைப் பார்வையிட்டு, நடுவில் முட்டையிடுகிறது. இங்கே தேர்வுக்கு உட்படுவது உடலைத் தாண்டிய ஒரு கட்டுமானம்.

குழல் மீன்: கடற்குதிரையின் உறவினமான இதில் முட்டைகளைச் சுமப்பது ஆண். எனவே சில குழல் மீன் இனங்களில் போட்டியிடுவதும் அலங்காரம் கொண்டிருப்பதும் பெண்களே. சந்ததிக்காக அதிகம் செலவிடும் பால் தேர்ந்தெடுக்கும் என்ற விதிக்கு இது நல்ல சான்று.

தொட்டிக் கப்பியும் ஓடைக் கப்பியும்

சென்னைக் கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் விற்கப்படும் விசிறிவால் கப்பிகள், இங்கு விளக்கிய தேர்வால் உருவானவை அல்ல. வளர்ப்போர் தாம் விரும்பிய நிறமும் வாலும் கொண்ட மீன்களைப் பல தலைமுறைகள் பிரித்துச் சேர்த்து உருவாக்கியவை. இதற்குச் செயற்கைத் தேர்வு என்று பெயர். கண்ணாடித் தொட்டியில் கிரெனிசிக்லா இல்லை. எதிர்த்திசையில் இழுக்கும் கை இல்லாவிட்டால் வால் எவ்வளவு தூரம் நீளும் என்பதை அந்த மீன்களில் காணலாம்.

கொசுப்புழுக்களை உண்பதால் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் கிணறுகளிலும் தேங்கிய நீரிலும் கப்பிகள் விடப்பட்டன. அவ்வாறு பரவி, சாக்கடையோரங்களில்கூடத் தானாகப் பெருகி வாழும் கப்பிகளை நம் ஊர்களிலும் பார்க்கலாம்.

தவறான புரிதல்கள்

"ஆண் மீன் பெண்ணைக் கவர்வதற்காக நிறத்தை வளர்த்துக்கொண்டது" என்று மாணவர்கள் எழுதுவதுண்டு. எந்தத் தனி மீனும் முயன்று தன் மரபணுவை மாற்றுவதில்லை. ஏற்கெனவே இருந்த வேறுபாடுகளில் சில அதிகச் சந்ததிகளை விட்டன. அதனால் இனக்கூட்டம், அதாவது ஓரிடத்தில் கலந்து பெருகும் ஓரின உயிர்களின் தொகுதி, மாறியது.

"பெண் மீன் சிந்தித்து முடிவெடுக்கிறது" என்பதும் சரியன்று. தேர்வு என்ற சொல் இங்கே ஒன்றைவிட மற்றொன்றை அதிகம் நாடும் நடத்தையை மட்டுமே குறிக்கிறது.

"பரிணாமம் எப்போதும் அழகை நோக்கிச் செல்லும்" என்பதையும் கப்பி மறுக்கிறது. அதே இனம் அருவிக்கு மேலே பளிச்சென்றும் கீழே மங்கியும் மாறுகிறது. இரண்டும் அந்தந்த இடத்துக்கான பொருத்தமே.

நீர் கலங்கும்போது

நிறத்தை நம்பிய தேர்வுக்குத் தெளிந்த நீர் வேண்டும். இது எவ்வளவு முக்கியமானது என்பதை ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி காட்டியது. அங்கே நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் மிகக் குறுகிய காலத்தில் கிளைத்துத் தோன்றியிருந்தன. நெருங்கிய இனங்கள் பலவற்றுக்கு இடையே, கலந்து பெருகுவதற்கு உடல் தடை எதுவும் இல்லை. ஓர் இனத்தின் ஆண் சிவப்பாகவும் மற்றதன் ஆண் நீலமாகவும் இருக்க, பெண்கள் தம் இனத்து நிறத்தையே தேர்ந்தெடுத்ததே அவற்றைப் பிரித்து வைத்தது.

சுற்றுப்புற நிலங்களிலிருந்து மண்ணும் உரச்சத்தும் கழிவுகளும் ஏரியில் சேர்ந்து, பாசி பெருகி, நீர் கலங்கியது. கலங்கிய பகுதிகளில் ஆண்களின் நிறம் மங்கியிருப்பதையும், சேர்ந்து வாழும் இனங்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதையும் ஓலே சீஹவுசனும் உடன் ஆய்ந்தவர்களும் 1997-ல் வெளியிட்டனர். சிவப்பும் நீலமும் ஒன்றுபோல் தெரியும் ஒளியில் ஆய்வகத்தில் வைத்தபோது, பெண்கள் தம் இனத்து ஆணைப் பிரித்தறியாமல் இணை சேர்ந்தன. அந்த ஏரியில் பல இனங்கள் அழிந்ததற்கு, அங்கு கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெரிய மீன் பெருங்காரணம். ஆனால் கலங்கல், ஒரு மீனையும் கொல்லாமலேயே இனங்களை ஒன்றோடொன்று கலந்து இல்லாமல் ஆக்கக்கூடியது.

நீர்நிலையின் நலத்தை அளக்கும்போது ஆக்சிஜன் அளவையும் நச்சுப்பொருள்களையும் பார்ப்பது வழக்கம். மீன்களின் கண்ணுக்கு அந்த நீரில் என்ன தெரிகிறது என்பதையும் அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஆய்வுகளால் நாம் பெறும் பாடம்.